தானே கழற்ற முடியாத கவசம்: உடையிலிருந்து கதாபாத்திரத்தை வாசிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஸ்ப்ளே, அதாவது படங்களிலும் கதைகளிலும் வரும் பாத்திரங்களைப் போல உடுத்தி வேடம் கட்டுவது, அதற்கான உடைகள் செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஃபோம் (கவசம் செய்ய உதவும் இலேசான நுரைத்தகடு), பெயின்ட், பசை பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அவற்றுக்கும் கீழே பதில் உண்டு. ஆனால் அந்தக் கதாபாத்திரம் ஏன் அந்த உடையில் இருக்கிறது என்பது புரிந்த பிறகு கத்தரிக்கோலை எடுத்தால் வேலையும் எளிது, விளைவும் வேறு. அதனால் அந்தக் கேள்விகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படம் பார்ப்பவரின் பார்வைக்கும் உடையைத் தைக்கப் போகிறவரின் பார்வைக்கும் என்ன வேறுபாடு?

பார்ப்பவருக்கு உடை நொடியில் செய்தி சொல்லிவிடுகிறது. இவன் அரசன், இவள் போராளி, இவன் கெட்டவன். தைப்பவருக்கு அந்த நொடி போதாது. ஜிப் எங்கே ஒளிந்திருக்கிறது, தோள் கவசம் எதைப் பிடித்துத் தொங்குகிறது, ஒரு கையில் மட்டும் வார் ஏன் இத்தனை நீளம் என்றெல்லாம் அவர் கேட்டே தீர வேண்டும். கேட்காவிட்டால் துணியை வெட்டவே முடியாது. அப்படிக் கேட்கும்போதுதான் கதாபாத்திரம் பிடிபடுகிறது.

என் கட்சி இதுதான்: ஓர் உடையை யார் அணிவிக்கிறார்கள், யார் கழற்றுகிறார்கள், கிழிந்தால் யார் தைக்கிறார்கள் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் அந்த ஆளைப் பற்றிப் பாதிக்கு மேல் தெரிந்துவிட்டது. நிறம், வெட்டு, அலங்காரம் எல்லாம் அதற்கு அடுத்துதான்.

அணிவிப்பதும் கழற்றுவதும் அவ்வளவு முக்கியமா? ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

'ஸ்டார் வார்ஸ்' படங்களில் கறுப்புக் கவசமும் முகமூடியுமாக வரும் கெட்டவன் டார்த் வேடரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1977-இல் வந்த முதல் படத்துக்கு ஆடை வடிவமைத்தவர் ஜான் மாலோ. இராணுவச் சீருடைகளைப் பற்றி நூல்கள் எழுதியவர் அவர். ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி வரைந்து கொடுத்த உருவத்தை எடுத்துக்கொண்டு லண்டனில் உள்ள ஒரு வாடகை உடைக் கிடங்குக்குப் போனார். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் தோலுடை, ஜெர்மானியப் படைவீரரின் தலைக்கவசம், நச்சுவாயு முகமூடி, இடைக்காலத் துறவியின் மேலங்கி ஆகியவற்றை ஒன்றாக அடுக்கிப் பார்த்துத்தான் அந்த உருவத்துக்கு முதல் வடிவம் கொடுத்தார். எல்லாமே வெவ்வேறு மனிதர்களின் தொழிலுக்காகப் பிறந்தவை. ஒன்று சேர்ந்தபோது உள்ளே மனிதன் இருக்கிறானா என்ற ஐயமே வந்துவிட்டது.

அந்த முகமூடி பிறந்த காரணம் இன்னும் சுவையானது. ஆரம்பக் கதையில் அந்தப் பாத்திரம் ஒரு விண்கலத்திலிருந்து இன்னொன்றுக்கு வெட்டவெளியில் கடந்து வர வேண்டியிருந்தது. அவன் எப்படி மூச்சுவிடுவான் என்று யோசித்து மெக்குவாரி ஒரு சுவாசக் கருவியை வரைந்து வைத்தார். அந்தத் தேவை பின்னர் கதையில் நிற்கவில்லை, முகமூடி நின்றுவிட்டது. அடுத்தடுத்த படங்களில் அது அவன் உயிரையே தாங்கும் கருவியாக மாறியது. வடிவமைப்பாளரின் ஒரு நடைமுறைக் கேள்வி கதாபாத்திரத்தின் விதியாகிப் போனது!

இப்போது தைப்பவரின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இந்தத் தலைக்கவசத்தை அவன் எப்படிக் கழற்றுவான்? 1980-இல் வந்த இரண்டாம் படத்தில் ஓர் இயந்திரக் கை மேலிருந்து இறங்கி அதை அவன் தழும்பேறிய தலைமேல் பொருத்துவதைக் காட்டுகிறார்கள். 1983-இல் வந்த மூன்றாம் படத்தின் முடிவில் அதைக் கழற்ற உதவும்படி மகனிடம் கேட்கிறான். அண்டத்தையே ஆட்டிப் படைத்தவனால் தன் முகத்தைத் தானாகத் திறந்துகொள்ள முடியவில்லை. வேடர் உடை செய்கிற எவருக்கும் இது உடலிலேயே தெரிந்துவிடும்: தலைக்கவசத்தின் இரண்டு பகுதிகள், கழுத்துத் தகடு, மார்புப் பெட்டி, மேலங்கிச் சங்கிலி எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள இன்னொருவர் பின்னால் நிற்க வேண்டும்.

தீயவர்களுக்கு மட்டும்தானா இந்த வாசிப்பு?

இல்லை. ஒரே படத்தில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டுமானால் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' (2015) பாருங்கள். ஜென்னி பீவன் அந்தப் படத்தின் ஆடைகளுக்காக 2016-இல் ஆஸ்கர் பெற்றார். கொடுங்கோலன் இம்மார்ட்டன் ஜோ அறிமுகமாகும் இடத்திலேயே அவனுக்கு உடை அணிவிக்கிறார்கள். புண்கள் நிறைந்த உடலில் பவுடர் தூவி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கவசத்தை ஏவலர்கள் பூட்டிவிடுகிறார்கள். அதன்மேல் பதக்கங்கள். முகத்தில் குதிரைப் பற்கள் வரிசையிட்ட சுவாச முகமூடி. மக்கள் பார்ப்பது வலிமையான மார்பை. நாம் பார்த்துவிட்டதோ அழுகும் உடலை. ஊடுருவும் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்ததை எண்ணி இன்றும் வியக்கிறேன். உலோகக் கவசமாக இருந்திருந்தால் அவன் வெறும் வீரனாகத் தெரிந்திருப்பான்.

எதிரே ஃப்யூரியோசா, அவனிடமிருந்து தப்பி ஓடும் ஒற்றைக்கைப் போராளி. அவளுடைய இயந்திரக் கையை அவளே வாரிட்டுக் கட்டுகிறாள், அவளே கழற்றுகிறாள். தான் தேடி வந்த பசுமையான இடம் அழிந்துபோய்விட்டது என்று தெரிந்ததும் அந்தக் கையைக் கழற்றிவிட்டு மணலில் நடந்துபோய் முழங்காலிட்டுக் கதறுகிறாள். அந்தக் காட்சிக்கு வசனமே தேவைப்படவில்லை. கடைசியில் ஜோவை அவள் கொல்வதும் எப்படி? துப்பாக்கியால் அல்ல, அவன் முகமூடியைப் பிய்த்தெறிவதால். உடைக்குள்ளேயே அவன் சாவு இருந்தது.

அதனால் ஃப்யூரியோசாவாக வேடம் கட்டுகிறவர்களிடம் நான் விடாமல் சொல்வது: அந்தக் கையின் வார்களையும் கொக்கிகளையும் உங்கள் மறுகையால் மட்டுமே பூட்டிக் கழற்றும்படி செய்யுங்கள். முதுகில் வெல்க்ரோ ஒட்டி நண்பர் கட்டிவிட்டால் வெளியே யாருக்கும் தெரியாதுதான். ஆனாலும் அது ஃப்யூரியோசாவின் கை ஆகாது.

நிறத்தை வைத்துக் குணம் சொல்வது பழைய முறையா?

பழையதுதான், இன்னும் வேலை செய்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வேடரின் மகனான லூக் ஸ்கைவாக்கர் முதல் படத்தில் வெள்ளை, இரண்டாம் படத்தில் மங்கிய பழுப்பு, மூன்றாம் படத்தில் முழுக்கறுப்பு. தந்தையின் பாதையில் போய்விடுவானோ என்ற அச்சம் உடையிலேயே இருக்கிறது. இறுதிச் சண்டைக்குப் பின் சட்டையின் மார்பு மடிப்பு அவிழ்ந்து உள்பக்கத்து வெளிர்நிறம் தெரிகிறது. அந்த உடையைச் செய்பவர்கள் பலர் மடிப்பை மூடியே தைத்துவிடுகிறார்கள். உள்துணியும் ஒரு பட்டனும் சேர்த்தால் போதும், திறந்தும் மூடியும் காட்டலாம். நிறத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நிறம் தானாகவே பேசிக்கொள்ளும்.

புதிதாகத் தைத்த உடையைப் பழையதாகக் காட்டுவது ஏன்? அழகாக இருப்பதைக் கெடுப்பது போல் ஆகாதா?

கெடுப்பதாக எண்ணினால் கை வராது. ஆடைக்கு ஒரு கடந்த காலம் கொடுக்கிறோம் என்று எண்ணுங்கள்.

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வரிசையின் அரகார்னை எடுத்துக்கொள்வோம். அந்தப் படங்களுக்கு நைலா டிக்ஸன் ஆடைகளை வடிவமைத்தார். வெலிங்டனில் உள்ள வீட்டா பட்டறை கவசங்களைச் செய்தது. முதல் படத்தில் ஒரு சத்திரத்தின் மூலையில் முக்காடிட்டு உட்கார்ந்திருக்கும் அரகார்னின் தோல் மேலங்கி மழை, சேறு, முட்புதர் அனைத்தையும் பார்த்தது. அவன் அரச வமிசம் என்பது நமக்கு அப்போது தெரியாது, அவனும் அதைச் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. அந்த வேடத்தில் நடித்த விக்கோ மார்டென்சன் உடையைத் தன்னுடனேயே வைத்திருந்து கிழிசல்களைத் தானே தைத்துக்கொண்டார். காட்டில் தனியே திரிபவனுக்கு வேறு யார் தைத்துத் தருவார்கள்? அந்தத் தையல் நேர்த்தியாக இருக்கக் கூடாது. கைக்குக் கிடைத்த நூலில், சற்றுக் கோணலாக, உறுதியாக இருக்க வேண்டும்.

தேய்மானத்தில் எல்லோரும் செய்யும் தவறு, உடை முழுவதும் ஒரே அளவில் அழுக்கைப் பூசுவது. உடல் அப்படித் தேய்ப்பதில்லை. முழங்கை, முழங்கால், மணிக்கட்டு விளிம்பு, பையின் வாய், இடைவார் உரசும் இடம், வாள் தொங்கும் பக்கத்துத் தொடை ஆகியவை முதலில் தேயும். அக்குளும் கழுத்துப்பட்டையும் நிறம் மாறும். மேலங்கியின் கீழ்விளிம்பில் சேறு ஏறும், அதுவும் குதிகால் பக்கம் கூடுதலாக. முதலில் உப்புத்தாளால் அந்த இடங்களைத் தேய்த்துவிட்டு, பிறகு நிறத்துக்கு வாருங்கள். பருத்தித் துணியாக இருந்தால் கெட்டியான தேயிலைச் சாற்றில் ஊறவைத்தாலே பழமை வந்துவிடும். பாலியெஸ்டரில் தேயிலைக் கறை பிடிக்காது. அதற்கு நீர்த்த அக்ரிலிக் பெயின்ட்தான் வழி. ஃபோம் கவசத்துக்குப் பள்ளங்களில் கறுப்பு கலந்த நீர்த்த வண்ணம், விளிம்புகளில் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெள்ளி. கத்தி பட்ட கீறல் வேண்டுமென்றால் அடி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று முடிவு செய்துவிட்டுக் கீறுங்கள். வலக்கையால் வாள் பிடிக்கும் எதிரியின் அடி பெரும்பாலும் உங்கள் இடப்பக்கத்தில் விழும்.

கதையின் எந்தக் கட்டத்து உடையைச் செய்வது என்று எப்படி முடிவு செய்வது?

இதைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். அரகார்னையே பாருங்கள். முதல் படத்தின் முடிவில் போரோமிர் அவன் கைகளில் உயிர் விடுகிறான். கோண்டோர் நாட்டின் வெள்ளை மரம் பொறித்த போரோமிரின் முன்கைக் காப்புகளை எடுத்து அரகார்ன் தன் கைகளில் கட்டிக்கொள்கிறான். அடுத்த படங்களிலும் அவை அவனோடு இருக்கின்றன. வசனத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தான் விலகி ஓடிய நாட்டை, இறந்த தோழன் மூலமாக, அவன் கையில் ஏற்றுக்கொண்டுவிட்டான்.

ஆகவே சத்திரத்துக் காட்சியின் அரகார்னுக்கு அந்தக் காப்புகளை மாட்டினால் அது பிழை. இரண்டாம் படத்து அரகார்னுக்கு அவை இல்லாவிட்டால் அதுவும் பிழை. இரண்டாம் படத்து உடையைச் செய்பவர் இன்னொன்றையும் யோசிக்கலாம். காப்பு வேறொருவருடையது. மற்ற தோல் பொருள்கள் காட்டு வாழ்க்கையில் தேய்ந்தவை, இதுவோ படைத்தலைவன் ஒருவன் பராமரித்து வந்தது. பளபளப்பிலும் தேய்மானத்திலும் அது தனித்துத் தெரிய வேண்டும்.

அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பாத்திரங்கள் வாராவாரம் ஒரே உடையில்தான் வருகிறார்கள். அங்கே வாசிக்க என்ன இருக்கிறது?

'ஒன் பீஸ்' கதையின் லூஃபி அணியும் வைக்கோல் தொப்பி அவனுடையதே அல்ல. சிறுவனாக இருந்தபோது ஷாங்க்ஸ் என்ற கடற்கொள்ளையர் கொடுத்தது, பெரிய கொள்ளையனாகி ஒருநாள் திருப்பித் தர வேண்டும் என்ற வாக்கோடு. அதனால் சட்டை புதிதாக இருக்கலாம், தொப்பி புதிதாக இருக்கவே கூடாது. பக்கி என்ற எதிரி அதைக் குத்திக் கிழித்தபோது தைத்துக் கொடுத்தவள் நாமி. அந்தக் கட்டத்தில் அவள் குழுவில் முழுமனதோடு சேர்ந்தவள்கூட இல்லை. தொப்பியில் ஒரு சின்னத் தையலைப் போட்டுப் பாருங்கள். கதை தெரிந்தவர்கள் ஓடி வந்து அதைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

ஆளை வெளிப்படுத்தாமல் மறைப்பதற்கென்றே உடை இருந்தால்?

1999-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் அரசி அமிடாலாவின் உடைகள் அப்படிப்பட்டவை. டிரிஷா பிகர் வடிவமைத்தார். அரசவையில் அணியும் சிவப்பு அங்கியின் கீழ்விளிம்பில் ஒளிரும் விளக்குகள், வெண்ணிறம் பூசிய முகம், செனட் சபைக் காட்சியில் மங்கோலியப் பெண்களின் பழைய தலையலங்காரத்தை நினைவூட்டும் அகன்ற கொண்டை. இத்தனைக்கும் உள்ளே இருப்பது பதினான்கு வயதுச் சிறுமி. உடை அவ்வளவு பெரியது என்பதால் யார் உள்ளே நின்றாலும் அரசிதான். கதையும் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. பணிப்பெண் அரசியாக நிற்க, அரசி பணிப்பெண்ணாக நடமாடுகிறாள். உண்மையைச் சொல்லித் துணை கேட்க வேண்டிய கட்டத்தில் அவள் அலங்காரமில்லாமல் முன்னே வந்து மண்டியிடுகிறாள்.

இந்த அங்கியைச் செய்பவர்கள் விளக்குக்கும் பேட்டரிக்கும் எல்லா உழைப்பையும் செலவிட்டு, அசையாமல் நிற்கப் பழகுவதை விட்டுவிடுகிறார்கள். தோள் அசையாது, தலை திரும்பாது. உடையே அந்த நிலைக்கு அவளைப் பூட்டியிருக்கிறது.

உடை ஒட்டாமல் போவதையும் ஒரு வடிவமைப்பாகச் செய்யலாம். 'பிளாக் பாந்தர்' (2018) படத்துக்காக ரூத் ஈ. கார்ட்டர் 2019-இல் ஆஸ்கர் பெற்றார். அதில் தளபதி ஒகோயே மழித்த தலையோடு, செந்நிறப் போருடையில் தன் இயல்பில் இருக்கிறாள். புசான் நகரச் சூதாட்ட விடுதிக்கு மாறுவேடத்தில் போகும்போது மாட்டிய டோப்பாவை அவளால் பொறுக்கவே முடியவில்லை. சண்டை தொடங்கியதும் அதையே கழற்றி எதிரியின் முகத்தில் வீசுகிறாள். அந்தக் காட்சியின் ஒகோயேயைச் செய்பவர், டோப்பாவைக் கச்சிதமாக ஒட்டிக்கொள்ளாமல் கழற்ற வசதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒகோயே போன்ற பாத்திரங்களுக்காகத் தோல் நிறத்தைக் கறுப்பாக்கிக்கொள்ளாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உடை உங்களுடைய உழைப்பு. இன்னொரு மக்களின் தோல் பெயின்ட் அல்ல.

எளிய உடையில் செய்வதற்கு என்ன இருக்கிறது? ஒரு துண்டுத் துணி போதுமே?

மிகவும் கடினமான வேடங்கள் அவைதான். வேடருக்கு வடிவம் தந்த அதே ஜான் மாலோ, பானு அத்தையாவுடன் சேர்ந்து 'காந்தி' (1982) படத்துக்காக 1983-இல் ஆஸ்கர் பெற்றார். ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியர் பானு அத்தையா. தென்னாப்பிரிக்காவில் கோட்டும் சூட்டும் அணிந்த வழக்கறிஞர் அரைத்துணிக்கு வந்து சேரும் பயணமே அந்தப் படத்தின் முதுகெலும்பு.

உண்மை வாழ்க்கையில் அந்தப் பயணத்தின் கடைசிப் படி மதுரையில் நடந்தது. 1921-இல் மதுரைக்கு வரும் வழியில் ரயிலில் இருந்தவர்களிடம் கதர் உடுத்தச் சொல்லிக் காந்தி பேசினார். அவ்வளவு விலை கொடுக்க எங்களால் முடியாது என்றார்கள். செப்டம்பர் 22 அன்று, மேல மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து அரையில் ஒரு துண்டு வேட்டியோடு வெளியே வந்தார். அதன் பிறகு அந்த உடையை அவர் மாற்றவில்லை.

இதைத் தைக்க வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் யார் நூற்றது என்ற கேள்வி வந்து நிற்கிறது. ஆலையில் நெய்த வழுவழுப்பான வெள்ளை மல் துணியை உடுத்திக்கொண்டால் உருவம் வரும், பொருள் போய்விடும். கைநூலில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும். வெள்ளை பளிச்சென்று இருக்காது. கதர்க் கடையில் கிடைக்கும் துணியையே வாங்குங்கள், இஸ்திரி போடாமல் உடுத்துங்கள்.

ஃபோமில் செய்த கவசத்துக்கு எடையே இல்லை. அது வேடத்தைக் கெடுக்குமா?

கெடுக்கும், கவனிக்காவிட்டால். கனமான கவசம் அணிந்தவன் படியேறும் விதமும் திரும்பும் விதமும் வேறு. நம் கட்டைக்கூத்தில் அரச வேடங்களுக்கு மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப்பதக்கமும் கட்டுகிறார்கள். அவற்றைச் சுமந்துகொண்டு இரவு முழுக்க ஆடுகிறார்கள். அந்த அகன்ற தோளும் சுழலும் உடலும் சேர்ந்துதான் ராஜா வருகிறார் என்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல்கின்றன. வாய்ப்பிருந்தால் ஒரு கூத்தை விடிய விடியப் பாருங்கள்.

ஃபோமுக்குத் திரும்பினால், மேலங்கியின் கீழ்மடிப்புக்குள் இரும்பு வாஷர்களை வரிசையாக வைத்துத் தைத்தால் துணி விழும் விதமே மாறிவிடும். தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ் நடையை மாற்றும். மீதி பயிற்சிதான்.

சென்னைப் பக்கம் பொருள்கள் எங்கே, எப்படி?

துணிக்கு சவுகார்பேட்டை கோடவுன் தெரு. மொத்த விலைக் கடைகளானாலும் சில இடங்களில் சில்லறையாகவும் வெட்டித் தருவார்கள். ஈ.வி.ஏ. ஃபோமை இணையத்தில் வாங்கலாம். பொதுவாக 2 மி.மீ. அலங்கார விளிம்புக்கு, 5 மி.மீ. கவசத்துக்கு, 10 மி.மீ. தடிமனான அடித்தளத்துக்கு. ஒட்டுவதற்கு ஃபெவிக்கால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு நிற்கும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அந்த ஆவி நல்லதல்ல. சூடான பசைத் துப்பாக்கியில் ஒட்டிய இணைப்புகள் நம் வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும். அதனால் எடை தாங்கும் இடங்களில் அதை நம்ப வேண்டாம்.

என் உடல் அமைப்பு அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை. செய்யலாமா?

தாராளமாக. மூன்றாம் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் டார்த் வேடர் ஒருவர் அல்ல. உடைக்குள் நின்றவர் டேவிட் ப்ரவுஸ், குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், வாள் சண்டையில் பாப் ஆண்டர்சன், முகமூடி கழன்றதும் தெரியும் முகம் செபாஸ்டியன் ஷா. நான்கு உடல்களை ஒரே ஆளாக்கியது உடைதான். உங்களையும் ஆக்கும். படத்தில் பார்த்த அளவை அப்படியே பிடிக்காமல் உங்கள் உடலில் அதே விகிதம் வரும்படி வெட்டுங்கள். தோள் எவ்வளவு அகலம் என்பதைவிட, இடுப்போடு ஒப்பிட்டால் எவ்வளவு அகலம் என்பதுதான் கணக்கு.

வாங்கிய உடையை அணிந்தால் அதைக் காஸ்ப்ளே என்று சொல்லலாமா?

சொல்லலாம். 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மேன் எதிர்கால மனிதனின் உடையில் வந்து எல்லோர் கண்ணையும் பறித்தார். அதை வடிவமைத்துத் தைத்தவர் அவருடன் வந்த மர்ட்டில் டக்ளஸ். உடுத்தியவர் வேறு, தைத்தவர் வேறு. தைத்தவரின் பெயரை மறக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கிய உடையில் முதலில் மாற்ற வேண்டியவை பட்டன்களும் கொக்கிகளும். பிளாஸ்டிக் பட்டனை எடுத்துவிட்டு உலோகமோ மரமோ வைத்துத் தைத்தாலே உடை ஒரு படி உயரும். அடுத்து, முதுகு ஜிப்பை நீக்கிவிட்டு அந்தப் பாத்திரம் எங்கே திறந்து மூடுமோ அங்கே திறப்பு வையுங்கள். மூன்றாவதாக, உங்கள் அளவுக்குக் கைகளையும் இடுப்பையும் பிடியுங்கள். இந்த மூன்றையும் செய்ய ஒரு சனி, ஞாயிறு போதும். அதன் பிறகு உடையோடு ஒரு மணி நேரம் வீட்டிலேயே இருங்கள்: உட்காருங்கள், படியேறுங்கள், தண்ணீர் குடியுங்கள், கழிப்பறைக்குப் போய்வாருங்கள். எது இடிக்கிறது, எது பிய்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, நிகழ்ச்சிக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.